பதினோரு வருஷம் பழுதாகாத வண்டி

அத்தியாயம் 6

“கொலைம்மா! பட்டப்பகல்ல, என் கொட்டகைக்குள்ளயே கொலை!”

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த நீலாஸின் தொப்பியிலிருந்து ஒரு கைப்பிடிப் பனி உதிர்ந்து என் ரொட்டியின் மேல் விழுந்தது. காணாமல்போன படகு மோட்டார் வழக்கின் அறிக்கையை அப்போதுதான் முடித்திருந்த ரிஸ்டின் அக்கா, பேனாவை மூடி வைத்தாள்.

“செத்தது யாரு, நீலாஸ் அண்ணே?”

“என் வண்டி!”

நான் பனியைத் தட்டிவிட்டு ரொட்டியைத் தொடர்ந்தேன். எங்கள் லூஸ்யோகாவில் வண்டி என்றால் பனி மேல் சறுக்கி ஓடும் ஸ்னோமொபைல்தான். எட்டு மாதம் பனி கிடக்கும் ஊரில் சக்கரம் வைத்த வண்டியை யார் மதிப்பார்கள்?

ரிஸ்டின் அக்கா இருபது வருடம் வாகன இன்சூரன்ஸில் இருந்தவள். சொந்த வண்டியை ஏரியில் மூழ்கடித்துவிட்டு “ஐயோ போச்சே” என்று அழுபவர்களின் கண்ணீரில் எத்தனை சொட்டு நிஜம் என்று சொல்லிவிடுவாள். இப்போது மளிகைக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம். நான் லாஸ்ஸே, அவளுடைய உதவியாளன். வண்டி ஓட்டுவதற்குத்தான் சம்பளம். என் அபிப்பிராயங்களை இலவசமாகக் கொடுக்கிறேன்.

நீலாஸைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வயது அறுபத்திரண்டு. துருவ மான் மந்தை வைத்திருக்கிறார். எத்தனை மான் என்று கேட்காதீர்கள், எங்கள் பக்கம் அந்தக் கேள்வி மரியாதை இல்லை. அவர் எதை மறைத்தாலும் தன் வண்டியின் பெருமையை மட்டும் மறைக்க மாட்டார். “பதினோரு வருஷம்! ஒரு ஸ்பேனர் பட்டதில்ல! வண்டிக்கு என்னைத் தெரியும்டா!” என்று பெட்ரோல் பங்க்கில் தினமும் முழங்குவார். சனிக்கிழமை தோறும் நாங்கள் முழங்கை வரை கிரீஸோடு வண்டிக்கு அடியில் கிடக்கும்போது, மனிதர் காபியும் கையுமாக வந்து நின்று வேடிக்கை பார்ப்பார். எனக்கு அப்போதெல்லாம் வரும் எரிச்சல் கொஞ்சநஞ்சம் அல்ல.

“எப்படிக் கொலைன்னு சொல்றீங்க?” என்றாள் அக்கா.

“மூணு வாரத்துல மூணு தடவை! மொதல்ல நட்ட நடு ஏரியில இஞ்சின் பெல்ட்டு அறுந்துச்சு. அப்புறம் பின்பக்கம் வீல் வீல்னு கத்த ஆரம்பிச்சுது, மந்தையே மிரண்டு வேற மலைக்கு ஓடிப்போச்சு. நேத்து, அடியில சுத்தற டிராக்கு தளர்ந்து ஒரு பக்கமா ஒரசுது. பதினோரு வருஷம் தும்மாத வண்டிம்மா!”

“யார் மேல சந்தேகம்?”

“சந்தேகம் என்ன சந்தேகம்? ஆந்தேதான்!” என்று ஒற்றைக் கையுறையை மேஜை மேல் எறிந்தார்.

நீலமும் சிவப்புமாகப் பின்னிய கம்பளிக் கையுறை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பின்னல் உண்டு. பார்த்தவுடனே சொல்லலாம், அது ஆந்தே வீட்டுக் கையுறை. உள்ளங்கை முழுக்கக் கறுப்பு கிரீஸ்.

“என் கொட்டகைக்குள்ள கிடந்துச்சு. இன்னிக்கு மூணு மணிக்குக் கூட்டம். அவனை மந்தைக் கூட்டிலிருந்து தள்ளி வைக்கணும்னு புகார் குடுத்திருக்கேன். நீ ஒரு ஆதாரம் கண்டுபிடிச்சுக் குடு, போதும்.”

நான் மெல்லுவதை நிறுத்தினேன். கூட்டு என்பது சேர்ந்து மந்தை ஓட்டும் மேய்ப்பர்களின் குழு. இன்னும் மூன்று நாளில் மந்தைகள் எல்லாம் கடற்கரைக்குக் கிளம்புகின்றன. இளகத் தொடங்கிய பனிக்கட்டி மேல் ஆறு நாள் பயணம், அத்தனையும் சினை மான்கள். கூட்டாகப் போனாலே நாக்குத் தள்ளும். தனியாக அனுப்பினால் ஆந்தேயின் மந்தையில் பாதி ஆற்றோடு போகும். முப்பது வருடம் இந்த இரண்டு பேரும் ஒரே கூட்டில் இருந்தவர்கள்.

“ஆந்தே என்ன சொல்றார்?”

“மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறான். தப்புப் பண்ணவன் வாயத் திறப்பானா?”

அக்கா கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் நுனியில் துளி வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருந்தது. அதை எனக்கு மட்டும் காட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

மணி பதினொன்றரை.

*

கொட்டகைக் கதவில் என் முஷ்டி அளவுக்கு ஒரு பித்தளைப் பூட்டு பளபளத்தது.

“புதுசா?” என்றாள் அக்கா.

“மாசம் பொறந்த சனிக்கிழமை வாங்கினேன். பக்கத்து ஊர்ல ஜெனரேட்டர் திருடு போச்சில்ல?”

“அதுக்கு முன்னாடி?”

“கயிறு.”

“சாவி எத்தனை?”

“ஒண்ணே ஒண்ணு. என் கழுத்துல.”

“மூணு வாரமாத்தான் தொந்தரவு. பூட்டுப் போட்டு நாலு வாரம் ஆச்சு. பூட்டின கொட்டகைக்குள்ள ஆந்தே எப்படி வந்தார்?”

நீலாஸ் ஒரு கணம் விழித்தார். உடனே சமாளித்துக்கொண்டார். “முன்னாடியே ஏதோ வச்சிட்டுப் போயிருக்கான்! மெல்லக் கொல்ற விஷம் மாதிரி!”

“வண்டிக்கு விஷமா அண்ணே? வாந்தி ஏதும் எடுத்துச்சா?” என்றேன்.

“இவனை ஏம்மா கூட்டிட்டு வந்தே?”

“வண்டியைக் கவுக்க” என்றாள் அக்கா.

கவிழ்த்தேன். அந்த வண்டியைத் தனியாளாகப் பக்கவாட்டில் சாய்ப்பது லேசு இல்லை. என் முதுகு போட்ட சத்தத்தில் நீலாஸுக்கே பாவமாக இருந்திருக்கும். அக்கா மண்டியிட்டு டார்ச் அடித்தாள். மூக்குக்கண்ணாடியில் பனி படர, கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

“அண்ணே, கிரீஸ் கன் எங்க வச்சிருக்கீங்க?”

“என்ன கன்?”

நான் இருமினேன். அக்கா என் காலை மிதித்தாள். “கிரீஸ். இந்த மூட்டுகளுக்கெல்லாம் வாரம் ஒரு தடவை அடிக்கணுமே.”

“என் வண்டிக்கு எதுக்கும்மா அதெல்லாம்? அதுதான் நல்ல வண்டியாச்சே!”

மூட்டுக்குள் கிரீஸ் ஏற்றும் குமிழான நிப்பிள் ஒன்றைச் சுற்றி அக்கா விரலால் தடவிக் காட்டினாள். பல தடவை அடித்த கிரீஸ், அடுக்கடுக்காக. மேல் அடுக்கு மட்டும் வறண்டு வெடித்திருந்தது. “லாஸ்ஸே, ஒருத்தன் வண்டியைக் கெடுக்க வரான்னு வச்சுக்கோ. கிரீஸை எடுத்துட்டுப் போவானா, கொண்டு வருவானா?”

“எடுத்துட்டுப் போவான்.”

“கையுறையில அவ்வளவு கிரீஸ் இருக்கே?”

“அப்ப ரொம்ப மோசமான வில்லன்கா. தொழில் தெரியாதவன்.”

அறுந்த பெல்ட்டைச் சாட்சியாக ஆணியில் மாட்டி வைத்திருந்தார் நீலாஸ். அக்கா அதன் முனைகளைப் பார்த்தாள். கத்தி பட்டிருந்தால் நறுக்கென்று இருக்கும். இது நூல் நூலாகப் பிய்ந்து, ஓரமெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது. வயசாகிச் செத்த பெல்ட்.

“இது எப்ப போட்டது?”

“வண்டி வாங்கினப்ப வந்ததேதான். பதினோரு வருஷம்! அறுந்ததும் கூட்டாளிப் பசங்க பானெட்டைத் திறந்தா, உள்ள இன்னொண்ணு சொருகி இருக்கு! கம்பெனிக்காரன் எவ்வளவு நல்லவன் பாரேன்!”

அக்கா பெல்ட்டின் முதுகைச் சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தாள். மெல்ல மெல்ல வெள்ளை எழுத்துகள் தெரிந்தன. போன வருடம், மார்ச் பத்து.

“பதினோரு வயசுப் பெல்ட்டுக்குப் போன வருஷம்தான் ஞானஸ்நானம் ஆகியிருக்கு” என்றேன்.

நீலாஸ் அருகில் வந்து உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது அதிர்ச்சி இல்லை. ஏதோ தெரிந்த ரகசியம் வெளியே எட்டிப் பார்த்துவிட்ட பயம். அக்காவும் அதைக் கவனித்தாள்.

எனக்கோ பசி. ஜன்னல் பலகையில் ஒரு மரக் குவளை இருந்தது. அதில் சீஸ் துண்டுகள் மிதந்த நிலையிலேயே உறைந்துபோன காபி. பக்கத்தில் காகிதத்தில் நாலு துண்டு உலர்ந்த மான் இறைச்சி. கையை நீட்டினேன்.

“தொடாதடா!”

அந்த அலறலில் கூரைப் பனி சரிந்தது. நான் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினேன்.

“யாருக்கு அண்ணே அது?” என்றாள் அக்கா, மிக மென்மையாக. அவள் குரல் அப்படி ஆனால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

“எனக்குத்தான். குளிருக்கு.”

“உங்க குவளை உங்க இடுப்புல தொங்குது.”

நீலாஸ் இடுப்பைப் பார்த்தார். குவளை விசுவாசமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“எப்ப வச்சது?”

“ஞாயித்துக்கிழமை. காலைல சர்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடி.”

“ஒவ்வொரு ஞாயிறுமா?”

நீலாஸ் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“திரும்பி வந்து பாத்தா?”

“காலியா இருக்கும்.” குரல் உள்ளே போய்விட்டது. “இருந்துச்சு. இப்ப நாலு வாரமா மாத்தி மாத்தி வைக்கிறேன், யாரும் தொடல.”

“யாரு அண்ணே தொடணும்?”

நீலாஸ் வாசலை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில் அக்காவின் காதருகே குனிந்து, எனக்கும் நன்றாகக் கேட்கும்படி கிசுகிசுத்தார். “அடியில இருக்கறவங்க.”

எங்கள் ஊரில் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மண்ணுக்குக் கீழே, நம்மைப் போலவே வீடும் மந்தையுமாக வாழ்கிறவர்கள். பிடித்தவர்களுக்கு உதவுவார்கள், பிடிக்காவிட்டால் மானை வழி தப்ப வைப்பார்கள். யாரும் நம்புவதாகச் சொல்ல மாட்டோம். ஆனால் இடம் பார்த்து உட்காருவோம்.

“பதினோரு வருஷம் முன்னாடி ஒரு நாள், ஸ்டார்ட்டே ஆகாம கிடந்துச்சு வண்டி. சர்ச்சுக்குப் போயிட்டு வந்து இழுத்தா, ஒரே இழுப்பு! புரிஞ்சுபோச்சு எனக்கு. அடுத்த வாரம் காபி வச்சேன். குடிச்சிருந்தாங்க. அன்னியிலேருந்து ஒரு வாரம் தவறினதில்ல. இந்த ஆந்தே பய உள்ள கால் வச்சான் பாரு, அவங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க!” அவருடைய கண் உண்மையிலேயே கலங்கியது. “பாஸ்டர் காதுக்கு மட்டும் போயிடக் கூடாதும்மா.”

நான் என் கையுறையை வாயில் திணித்துக்கொண்டேன். தோள் குலுங்குவதை நிறுத்த முடியவில்லை.

அக்கா சிரிக்கவே இல்லை. “அண்ணே, அவங்களுக்குப் பூட்டு ஒரு தடையா?”

“சேச்சே! அவங்க தரை வழியா வர்றவங்க.”

“அப்ப, பூட்டுப் போட்ட நாள்லேருந்து மட்டும் ஏன் காபி குடிக்கல?”

நீலாஸின் வாய் திறந்தது. அப்படியே நின்றது.

“பெல்ட் மேல தேதி எழுதற பழக்கம் அவங்களுக்கு உண்டா?”

வாய் மூடிக்கொண்டது.

“மூணு மணிக்குக் கூட்டம் நடக்கற ஹால் வாசல்ல நில்லுங்க. உள்ள போயிடாதீங்க” என்றாள் அக்கா.

*

ஆந்தேயின் முற்றத்தில் அவருடைய வண்டி பக்கவாட்டில் படுத்திருந்தது. அவர் பனியில் உட்கார்ந்து நிப்பிளைத் துடைத்து, கிரீஸ் அடித்து, மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். நெட்டை ஆள், பேச்சு கம்மி. ஞாயிறு காலைப் பிரார்த்தனைக்கு வராத ஒரே ஆள் என்று ஊரில் அவருக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. ஒரு கையில் கையுறை, இன்னொரு கை வெறுங்கை.

அக்கா ஒற்றைக் கையுறையை நீட்டினாள். வாங்கி மாட்டிக்கொண்டார்.

“எங்க கிடைச்சுதுன்னு கேக்கலையே அண்ணே?”

“தெரியுமே.”

அவருடைய மேல்பையிலிருந்து வெள்ளை பெயிண்ட் பேனா ஒன்று எட்டிப் பார்த்தது. சுவரில் ஒரு புத்தம்புது பெல்ட் தொங்கியது. முதுகில் வெள்ளை எழுத்தில் இந்த வருடத்து மார்ச் தேதி.

“இது உங்க வண்டிக்குச் சேராதே? அகலம் கம்மி” என்றாள் அக்கா.

ஆந்தே எழுந்து போய் பெல்ட்டை எடுத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு வந்தார். நாங்கள் பார்க்காவிட்டால் அது இல்லாமல் போய்விடும் என்று நினைத்தார் போலும்.

“மூணு மணிக்கு உங்களைத் தள்ளி வைக்கப்போறாங்க. ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா? நீங்கதானே பதினோரு வருஷமா அவர் வண்டியைப் பாத்துக்கிட்டது?”

“அவனுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்?” கிரீஸ் கன்னை வைத்துவிட்டார். அதன் பிறகு, அந்த மனிதர் மூன்று வருடத்துக்குப் பேசுவதை மூன்று நிமிடத்தில் பேசினார்.

“அந்த வருஷம் மேட்டு நிலத்துல அவன் வண்டி நின்னுபோச்சு. கயித்துல கட்டி இழுத்துட்டு வந்தேன். அறுபது கிலோமீட்டர்! வழி முழுக்கப் பின்னாடி உக்காந்துக்கிட்டு, எப்படி ஓட்டணும்னு எனக்குக் கத்துக் குடுத்துக்கிட்டே வந்தான். இன்னொரு தடவை இந்த ஆளை இழுத்தா நான் கொலைகாரன் ஆயிடுவேன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. அதைவிட வாராவாரம் ஒரு மணி நேரம் கிரீஸ் அடிக்கறது சுலபம்.”

“சொல்லிட்டே செஞ்சிருக்கலாமே?”

“நீலாஸ்கிட்டயா? ‘உன் வண்டியப் பாத்துக்க உனக்குத் தெரியல’ன்னா? செத்தே போயிருவான்.” துடைத்த துணியை மடித்து வைத்தார். “ஆனா அவனுக்குத் தெரியும். ரெண்டாவது வாரத்துலேருந்து காபி வைக்க ஆரம்பிச்சான். சீஸ் போட்டு. கிறிஸ்துமஸ்னா புகை போட்டு வாட்டின மான் நாக்கு. அவனுக்கு வாயால நன்றி சொல்ல வராது, காபியில சொல்றான்னு எடுத்துக்கிட்டேன். எனக்கு அது போதும்மா. எம் பொண்டாட்டி காபியைவிட அது நல்லாருக்கும்.”

சிரிக்கத் தயாராக இருந்தவன் நான். அவருடைய குரல் அடுத்த வாக்கியத்தில் உடைந்தது.

“திடீர்னு ஒரு ஞாயிறு போறேன், பூட்டு. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை இல்ல. அப்புறம் பெட்ரோல் பங்க்ல ஊர் நடுவுல என்னைத் திருடன்கிறான், வண்டியக் கொன்னவன்கிறான். பதினோரு வருஷம் காபி குடுத்த கை அது. அவன்கிட்டப் போயி நான் என்னத்தைப் பேச?”

அக்கா அவர் பக்கத்தில் பனியில் உட்கார்ந்தாள். “ஆந்தே அண்ணே. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்தக் காபி உங்களுக்கு வச்சது இல்ல.”

“பின்ன?”

“அடியில இருக்கறவங்களுக்கு. வண்டியைப் பாத்துக்கறது அவங்கதான்னு நினைச்சுக்கிட்டிருக்கார்.”

ஆந்தே எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து தன் பூட்ஸுக்குக் கீழே இருந்த தரையைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று.

“அப்ப பதினோரு வருஷமா அவங்க காபிய நான் குடிச்சிருக்கேனா?”

நான் பனியில் குப்புற விழுந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது. “மான் நாக்கையும் தின்னிருக்கீங்க அண்ணே!” என்று சொல்ல முயன்றேன், வார்த்தை வரவில்லை.

“வாய மூடுடா!” என்ற ஆந்தே, கவலையோடு தரையைப் பார்த்து மெல்ல இரண்டடி தள்ளி நின்றார்.

*

மூன்று மணிக்கு நீலாஸின் வண்டி ஊரைக் கூட்டும் கிறீச்சிடலோடு ஹால் வாசலுக்கு வந்து நின்றது. அக்கா அவரைப் படிக்கட்டிலேயே மறித்து, நடந்ததைச் சொன்னாள். ஐந்து வாக்கியம்தான். முடிந்ததும் நீலாஸ் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“நான் உள்ள சொன்னா அது ஒரு அறிக்கை. நீங்க சொன்னா அது வேற” என்றாள் அக்கா.

“ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கும்.”

“பாஸ்டர் மொத வரிசையில உக்காந்திருக்காரும்மா.”

“பாத்தேன்.”

“புகாரை மட்டும் வாபஸ் வாங்கிக்கிறேனே? காரணம் எதுக்கு?”

“காரணம் சொல்லலைன்னா ஆந்தே மேல இருக்கற கறை போகாது அண்ணே. தப்பிச்சுட்டான்னுதான் பேசுவாங்க.”

அவர் தயங்கித் தயங்கி உள்ளே போனதைப் பார்த்து, பாதியில் ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கூட்டின் தலைவி காரென் மேஜையைத் தட்டினாள். “நீலாஸ், புகாரைப் படிங்க.” கடைசி வரிசையில் ஆந்தே, கால்களைத் தரையில் படாமல் நாற்காலிக் கம்பியில் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

நீலாஸ் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார். எல்லாவற்றையும் சொன்னார். ஸ்பேனர் படாத வண்டியையும் காபியையும் சீஸையும், பூட்டையும். “அடியில இருக்கறவங்க” என்று சொன்னபோது பாஸ்டரின் தோள் குலுங்கத் தொடங்கியது. “கம்பெனிக்காரன் வச்ச பெல்ட்டு” என்றபோது ஒரு பெஞ்சே பின்னால் சாய்ந்து விழுந்தது. காரென் மேஜையைத் தட்டினாள், ஒழுங்குக்காக அல்ல, மூச்சு விட முடியாமல்.

நீலாஸ் உட்காரவில்லை. காது மடல் வரை சிவந்து, சிரிப்பு அடங்கும்வரை அப்படியே நின்றார்.

“திருடன்னு சொன்னேன். அவன் இல்லாம இந்த வருஷம் நான் கிளம்ப மாட்டேன். அவனைத் தள்ளி வச்சா என்னையும் தள்ளி வைங்க.”

எல்லாக் கைகளும் ஆந்தேக்காக உயர்ந்தன. ஆனால் ஆந்தேயின் நாற்காலி காலியாக இருந்தது.

வெளியே ஓடினோம். ஹால் வாசலில் நீலாஸின் வண்டியை ஆந்தே ஏற்கெனவே பக்கவாட்டில் சாய்த்துவிட்டிருந்தார். தோளில் புதுப் பெல்ட். ஊர் முழுக்கப் படிக்கட்டில் நின்றது. நீலாஸ் பழக்கதோஷத்தில் கையைப் பையில் விட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றார்.

ஆந்தே கிரீஸ் கன்னை அவரிடம் நீட்டினார். “புடி.”

“நான் எதுக்கு? நீதானே எப்பவும்...”

“புடிடா.”

நீலாஸ் வாங்கினார். தலைகீழாகப் பிடித்திருந்தார். யாரோ களுக்கென்றார்கள். காரென் முறைத்ததும் அடங்கியது. அறுபத்திரண்டு வயது மனிதர் பனியில் மண்டியிட்டு, தன் வண்டியின் அடிப்பக்கத்தை முதல் தடவையாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, அதுவரை யாரிடமும் எதையும் கேட்டறியாத அந்த வாய், சின்னக் குரலில் கேட்டது.

“எங்கடா அடிக்கணும்?”

ஆந்தே அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “மொதல்ல அந்த நிப்பிளோட மூஞ்சியத் துடை” என்றார்.